"நம்ம வீடுகளில்" என்று சொல்லும் முன்

பள்ளி நிர்வாகத்தினருக்கும் பெற்றோர் சங்கத்தினருக்கும் வணக்கம்.

"நம்ம வீட்டுல யாருக்கு ஓட்டுப் போடுவோம்னு பள்ளிக்கூடத்துல சொல்லலாமா, கூடாதாம்மா?" என்று 12 வயது மகள் கேட்டாள். எங்கிருந்து வந்தது இந்தப் பயம் என்று விசாரித்தேன். "நம்ம வீடுகளில் யாரும் அந்தக் கட்சிக்குப் போட மாட்டாங்க" என்று ஆசிரியர் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். அவளுடைய தாத்தா அந்தக் கட்சிக்காரர்.

இவ்வளவு கட்டணம் கட்டுகிற குடும்பம் என்றால் இன்ன கட்சிதான் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். பிரெஞ்சுப் பொருளாதார அறிஞர் தாமஸ் பிக்கெட்டியும் அவருடைய சக ஆய்வாளர்களும் 21 மேற்கத்திய ஜனநாயக நாடுகளின் தேர்தல்களை 1948 முதல் 2020 வரை அலசியிருக்கிறார்கள். அதிகம் படித்தவர்கள் மெல்ல மெல்ல இடதுசாரிப் பக்கம் நகர, அதிகம் சம்பாதிப்பவர்கள் பெரும்பாலும் வலதுசாரிப் பக்கமே நின்றிருக்கிறார்கள். நம் பெற்றோரில் பலருக்குப் படிப்பும் உண்டு, பணமும் உண்டு. அப்படியென்றால் இரண்டு பக்கமும் இழுக்கத்தானே செய்யும்? ஒரே வீட்டில், தொழில் நடத்தும் கணவருக்கு வரிதான் கவலை. கல்லூரியில் பாடம் நடத்தும் மனைவிக்கு வேறு கவலை. அப்புறம், உதவித்தொகையில் படிக்கும் பிள்ளைகளின் வீடுகள். அவர்களை இந்த "நம்ம"வில் யாரும் சேர்ப்பதே இல்லை.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் சண்டைக்கு வருவதில்லை. பெற்றோர் கூட்டத்தில் தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். நானும் அப்படித்தான் போயிருக்கிறேன். அந்த மௌனம் சம்மதமாகிவிடுகிறது. அடுத்த முறை "நாம எல்லாரும்" இன்னும் சத்தமாக ஒலிக்கிறது. இதைப் பார்த்துத்தான் பிள்ளைகள் மறைக்கப் பழகுகிறார்கள். எனக்கு வலிப்பது அதுதான்.

ஜெர்மனியின் பாய்டெல்ஸ்பாக்கில் 1976-இல் கூடிய கல்வியாளர்கள் தங்கள் கருத்து வேறுபாடுகளுக்கு நடுவிலும் சில கொள்கைகளில் உடன்பட்டார்கள். ஆசிரியர் தன் கருத்தை மாணவர்மேல் திணிக்கக் கூடாது. சமூகத்தில் சர்ச்சைக்குரியதாக இருப்பது வகுப்பிலும் அப்படியே முன்வைக்கப்பட வேண்டும். இதை நம் பள்ளியும் எழுத்தில் ஏற்க வேண்டும். நிதி திரட்டும் விருந்தில் ஒரு வேட்பாளரை மேடையேற்றினால், எதிர்த்து நிற்பவருக்கும் அதே மேடையைத் தாருங்கள். அதிக நன்கொடை தருபவரின் அரசியல் பள்ளியின் அரசியலாக வேண்டாம்.

மகளிடம் "சொல்லலாம்" என்றேன். அவள் சொல்லும்போது வகுப்பு எப்படி இருக்க வேண்டும் என்று பேச, அடுத்த கூட்டத்தில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். இந்த முறை நான் பேசுகிறேன்.

இப்படிக்கு,
ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்