பித்தளைக் குடத்தில் தானாக விரிசல் விழுவது ஏன்?

ஆசிரியருக்கு,

மழைக்காலம் வந்தால் பெங்களூரு நகரத்பேட்டைப் பாத்திரக் கடைகளில் இந்தப் புகார் கேட்கும்: அலமாரியில் வைத்த பித்தளைக் குடம் யாரும் தொடாமலே கழுத்தில் விரிசல் விட்டுவிட்டது. கடைக்காரர் ‘கலப்படத் தகடு’ என்று சொல்லிவிடுகிறார். காமாட்சிபாளையாவில் ஸ்பின்னிங் லேத்தில், அதாவது சுழலும் தகட்டை அச்சின்மேல் அழுத்திப் பாத்திரமாக்கும் இயந்திரத்தில், நிற்பவன் நான். என் கைக்குத் திரும்பி வந்த பாத்திரங்களில் தகடு நன்றாகவே இருந்தது. சூடேற்றி இளக்கி மென்மையாக்க வேண்டிய நேரத்தில் யாரோ இளக்காமல் விட்டிருந்தார்கள்.

வட்டத் தகட்டை அச்சின்மேல் அழுத்தி இழுக்க இழுக்கப் பித்தளை விறைத்துக்கொள்ளும். கருவிக்குப் படியாமல் எதிர்த்து வரும். விளிம்பு அலையலையாக நெளியும். அப்போதே இறக்கிச் சூடேற்ற வேண்டும். விளிம்பில் மயிரிழைக் கீறல் தெரிந்த பிறகு உலையில் வைத்துப் பயனில்லை, சூடு கீறலை ஒட்டவைக்காது. இத்தனை இழுப்புக்கு ஒரு சூடு என்று கணக்கு வைத்திருக்கும் பட்டறைகள் உண்டு. ஆழமான குடத்துக்கும் தாம்பாளத்துக்கும் ஒரே கணக்கு எப்படிப் பொருந்தும்? கண்ணால் பதம் பார்ப்பவர்கள் வெயில் விழும் வாசலில் நின்று பார்க்கவே கூடாது. நிழலில் தெரியும் மங்கிய சிவப்பு வெயிலில் தெரியாது. மேலும் சூடு ஏற்றிவிடுவோம்; உலோகத்துக்குள் இருக்கும் நுண்ணிய மணிகள் (படிகங்கள்) பெருத்து, மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல் போலாகிவிடும்.

எல்லாம் முடிந்தபின், பாலிஷுக்கு முன்னால் கடைசிச் சூடு ஒன்று இருக்கிறது. 250 முதல் 300 டிகிரி செல்சியஸில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். பாத்திரத்தின் உறுதி குறையாது, உள்ளே தங்கிய இறுக்கம் மட்டும் தளரும். கேஸ் செலவை மிச்சம் பிடிக்கப் பலர் விட்டுவிடுவது இதைத்தான். இறுக்கத்தோடு இருக்கும் பித்தளையில் ஈரமும், சிறுநீர் நாற்றத்தில் இருக்கும் அமோனியா ஆவியும் சேர்ந்து பட்டால் விரிசல் விடும்.

ஆங்கிலேய ராணுவம் இந்த மண்ணிலேயே இதை அனுபவித்தது. மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள் விரிசல் விட்டன. லாயத்து அமோனியாதான் காரணம் என்பது 1921இல் விளக்கப்பட்டது. சுட்ட தோட்டாக் கூட்டில் மறுபடி வெடிமருந்து நிரப்புபவர்கள் இன்றும் அதன் கழுத்தை மட்டும் சூடேற்றி இளக்குகிறார்கள். அடிப்பகுதி வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்க வேண்டும் என்பதால் அங்கே சூடு ஏற விடுவதில்லை. கல்யாணச் சீர்வரிசையில் போகும் குடத்துக்கும் அந்த அக்கறை வேண்டாமா?

மொத்த வியாபாரிகள் கடைசிச் சூடு கொடுத்த சரக்கா என்று கேட்டு வாங்கட்டும், அதற்கான கூலியையும் தரட்டும். சந்தேகம் இருந்தால் ஒரு பாத்திரத்தை மூடிய தொட்டியில் அமோனியா ஆவியில் ஒரு நாள் வைத்துப் பார்க்கலாம். தனி உலை வாங்குவது சிறு பட்டறைக்குக் கட்டுப்படியாகாது. சிறுதொழில் சங்கங்கள் காமாட்சிபாளையாவிலோ பீன்யாவிலோ வெப்பநிலைக் கட்டுப்பாடுள்ள பொது உலை ஒன்றை அமைத்து, கிலோவுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கிக்கொள்ளலாம்.

— ஸ்பின்னிங் லேத் தொழிலாளி,
காமாட்சிபாளையா, பெங்களூரு