தென்பெண்ணைக் கரையில் மிதிவண்டிக்கு ஒரு வழி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விடுமுறை நாள்களில் பென்னாகரத்தைத் தாண்டியதும் ஒகேனக்கல் சாலையில் கார்கள் ஊர்ந்து செல்வதையும், வண்டி நிறுத்த இடம் போதவில்லை என்ற குரல் எழுவதையும் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். சாலையை அகலப்படுத்த வேண்டும், நிறுத்துமிடத்தைப் பெரிதாக்க வேண்டும் என்பதே ஒவ்வொரு முறையும் சொல்லப்படும் தீர்வு. கார் இல்லாமலே தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களைச் சுற்றிப் பார்க்க முடியும் என்பதையும், அதற்கு அரசு புதிதாகத் தார் ஊற்ற வேண்டியதுகூட இல்லை என்பதையும் தங்கள் நாளிதழ் வழியாகத் தெரிவிக்க விரும்புகிறேன்.

நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். பணியில் இருந்த காலமெல்லாம் பள்ளிக்கு மிதிவண்டியில் போனவன். ஓய்வுக்குப் பிறகு அதே வண்டியின் கேரியரில் இரண்டு பைகளைக் கட்டிக்கொண்டு இரண்டு நாள், மூன்று நாள் என ஊர் சுற்றுகிறேன். கியர் இல்லாத சாதாரண வண்டிதான். எந்தச் சாலையில் போவது என்பதை மைல்கல்லின் நிறத்தைப் பார்த்தே முடிவு செய்கிறேன். தலையில் மஞ்சள் பூசியிருந்தால் தேசிய நெடுஞ்சாலை. அதில் லாரிக்கும் பள்ளத்துக்கும் நடுவே உயிரைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும், தொப்பூர்க் கணவாயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. காலை ஏழு மணிக்குள் கடந்துவிட்டால் பரவாயில்லை. ஆரஞ்சு நிறம் கண்ணில் பட்டால் மனம் லேசாகிவிடும். 2000ஆம் ஆண்டில் தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில் போடப்பட்ட சாலை அது. ஒரு மணி நேரத்துக்கு இரண்டு டிராக்டரும் ஒரு பால் வண்டியும் வந்தால் அதிகம்.

இப்படிப்பட்ட சாலைகளையும் கால்வாய்க் கரைகளையும் இணைத்துக்கொண்டு தென்பெண்ணையாற்றோடு நான் பலமுறை போய்வந்த வழியையே இங்கே முன்வைக்கிறேன். கர்நாடகத்தின் நந்தி மலையில் பிறக்கும் இந்த ஆறு ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையைக் கடந்து கிருஷ்ணகிரி அணைக்கு வருகிறது. ஓசூர் மேட்டுநிலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலும், கிருஷ்ணகிரி அதைவிட 400 மீட்டர் தாழ்ந்தும் இருப்பதால், ஆற்றின் போக்கிலேயே செல்பவருக்கு மிதிக்கும் வேலை குறைவு. எதிர்த்திசையில் ஒருமுறை போய்ப் பார்த்தேன், மறுமுறை போகவில்லை. அணைக்குக் கீழே வலது, இடது கால்வாய்கள் பாயும் நெல்வயல்கள், அவற்றை அடுத்துக் காவேரிப்பட்டணத்தின் மாந்தோப்புகளும் தென்னந்தோப்புகளும், பாரூர் ஏரிக்கு நீர் திருப்பும் நெடுங்கல் அணைக்கட்டு, அப்பால் இருமத்தூர், முடிவில் ஆடிப்பெருக்கன்று சுற்றுவட்டார மக்கள் திரண்டு நீராடும் அனுமன்தீர்த்தம் என்று இரண்டு நாள் நிதானமாகப் போகலாம். மாவு மணத்தோடு சுடச்சுட எடுத்த காவேரிப்பட்டணத்து நிப்பட்டு ஒரு பொட்டலம் பையில் இருந்தால், பகல் சாப்பாட்டுக்குக் கடை தேடி நெடுஞ்சாலைக்கு ஏற வேண்டிய அவசியமும் இல்லை.

இந்த வழியில் உள்ள குறையையும் மறைக்கக் கூடாது. சென்ற தை மாதம் நெடுங்கல்லுக்கு இப்பால் கால்வாய்க் கரையில் போய்க்கொண்டிருந்தபோது பின்சக்கரத்தில் காற்று இறங்கியது. வயல் வேலிக்கென்று வெட்டிய சீமைக்கருவேல முள் தடமெங்கும் சிதறிக் கிடந்தது. டயரைக் கழற்றி, ட்யூபில் காற்றடித்து, கால்வாய் நீரிலேயே கொஞ்சம் கொஞ்சமாக முக்கித் திருப்பினேன். வால்விலிருந்து ஒரு சாண் தள்ளிக் கடுகளவு குமிழ்கள் சரம் சரமாக எழுந்தன. அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, சொலூஷன் தடவி, அது உலரக் காத்திருந்தபோது, எருமை மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள், "எந்தூருக்குப் போறீங்கய்யா? பஸ்ஸு கெடைக்கலியா?" என்று கேட்டார். ஊர் பார்க்கப் போகிறேன் என்றேன். "எங்கூர்ல என்னாங்கய்யா இருக்குது பாக்க?" என்று சிரித்தவர், முள் டயருக்குள்ளேயே ஒடிந்து நின்றிருக்கும், விரலை விட்டுத் தடவிப் பாருங்கள் என்றார். நின்றிருந்தது. அவர் சொல்லாவிட்டால் அடுத்த ஃபர்லாங்கிலேயே மறுபடியும் உட்கார்ந்திருப்பேன்.

கால்வாயைப் பராமரிக்கும் துறையினர் ஆண்டுக்கு இருமுறை கரையில் உள்ள முள்ளை அகற்றினாலே இந்தப் பாதையில் பாதி வேலை முடிந்துவிடும். மீதிப் பாதி, கார்கள் கரைமேல் ஏறாமல் தடுப்பது. கரை தொடங்கும் இடத்தில் இரண்டரை அடி இடைவெளி விட்டுக் கல்தூண்கள் நட்டால் மிதிவண்டி நுழையும், கார் நுழையாது. அறுவடைக் காலத்தில் மாட்டு வண்டிக்கும் டிராக்டருக்கும் என்ன செய்வது என்று விவசாயிகள் கேட்பார்கள். அது நியாயமான கேள்வி. கரை முதலில் அவர்களுக்கு உரியது, பிறகுதான் எங்களைப் போன்ற வழிப்போக்கர்களுக்கு. நடுத்தூணை மட்டும் பூட்டிக் கழற்றும்படி இரும்பில் அமைத்து, சாவியை அந்தந்த ஊர்ப் பாசன சங்கத்திடம் கொடுத்துவிடலாம். ஐரோப்பாவில் டான்யூப் ஆற்றோரமாக, ஜெர்மனியின் பாஸாவிலிருந்து ஆஸ்திரியத் தலைநகர் வியன்னா வரை சுமார் 320 கிலோமீட்டருக்கு மிதிவண்டிப் பாதை இருக்கிறது. குடும்பம் குடும்பமாக ஒரு வாரம் ஓட்டிச் செல்கிறார்கள். முற்காலத்தில் குதிரைகள் கரையில் நடந்து படகுகளைக் கயிற்றால் இழுத்துச் சென்ற பழைய தடங்கள் பல அந்தப் பாதையில் சேர்ந்துள்ளன. நம்மிடம் குதிரைத் தடம் இல்லை. லஸ்கர்கள் எனப்படும் பாசன ஊழியர்கள் மதகு திறக்க நடக்கும் கால்வாய்க் கரை இருக்கிறது.

அடுத்தது ரயில். கிருஷ்ணகிரி நகருக்கு இன்று ரயில் இல்லை என்றாலும், இந்த வழியின் இருபுறமும் ரயில்பாதை இருப்பது நமக்கு வாய்த்த வசதி. சேலம்–பெங்களூரு பாதையில் பாலக்கோட்டில் இறங்கிக் காவேரிப்பட்டணம் வந்து ஆற்றைப் பிடிக்கலாம். பயணம் முடிந்ததும் சென்னை–சேலம் பாதையில் சாமல்பட்டியிலோ மொரப்பூரிலோ ஏறிவிடலாம். ஆனால் வண்டியை என்ன செய்வது? பார்சல் பெட்டியில் ஏற்ற வேண்டும் என்பது விதி; சிறிய நிலையங்களில் ரயில் நிற்கும் ஓரிரு நிமிடத்தில் அதை ஏற்றவும் இறக்கவும் ஆள் இருப்பதில்லை. ஒரு நிலையத்தில் படிவம் நிரப்பிக் கொடுத்தபோது, பெட்ரோல் டேங்கைக் காலி செய்துவிட்டீர்களா என்று தலை நிமிராமல் கேட்டார்கள். காலி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன், பொய் இல்லை. ஆயினும் வண்டி என்னோடு வரவில்லை, மறுநாள்தான் வந்து சேர்ந்தது. பயணிகள் ரயிலின் ஒரு பெட்டியில் நான்கு மிதிவண்டிகளை நிறுத்திக் கட்ட இடம் விட்டு, அதற்குத் தனிச் சீட்டுக் கொடுத்தால் இந்தத் தொல்லை இருக்காது.

மிதிவண்டி வழி என்றதும் சிலர் அஞ்செட்டியிலிருந்து காட்டு வழியாக ஒகேனக்கல்லுக்கு அமைக்கலாம் என்று கிளம்புவார்கள். அது வேண்டாம் என்பதே என் கருத்து. காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயத்தைச் சேர்ந்த அந்தப் பகுதி யானைகள் நடமாடும் காடு; ஓசையில்லாமல் வளைவு திரும்பும் மிதிவண்டியால் யானைக்கும் ஆபத்து, ஓட்டுபவருக்கும் ஆபத்து. ஆற்றுச் சமவெளியில் தோப்பும் ஏரியும் ஊருமாக வேண்டிய அளவு இருக்கும்போது காட்டுக்குள் ஏன் போக வேண்டும்?

வெயிலில் யார் வருவார்கள் என்று கேட்கிறார்கள். சித்திரை, வைகாசியில் யாரும் வர வேண்டாம். ஐப்பசி முதல் மாசி வரை இந்த மாவட்டங்களின் விடியற்காலைக் குளிரைப் பற்றி நமக்கே சொல்லத் தேவையில்லை. பெங்களூரிலிருந்து தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கம் ஞாயிறுதோறும் மிதிவண்டியில் வரும் இளைஞர்களை நானே பார்த்துப் பேசியிருக்கிறேன். கிருஷ்ணகிரிக்குக் கீழே ஆற்றோரம் இப்படி ஒரு வழி இருப்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. தெரிந்து வந்தாலும் இரவு தங்க இடம் இல்லை. நான் உறவினர் வீட்டில் தங்கிக்கொள்கிறேன். அவர்கள் எங்கே போவார்கள்? பாரூரிலும் இருமத்தூரிலும் மகளிர் சுயஉதவிக் குழுவினர் ஓர் அறையும் இரவுக்குக் களியும் கீரைக் குழம்பும் கொடுக்க முன்வந்தால், வருபவர்களின் பணம் நெடுஞ்சாலை ஓட்டல்களுக்குப் போகாமல் அந்த ஊர்களிலேயே நிற்கும்.

கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போகிறவர்களுக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. கெலவரப்பள்ளி அணையிலிருந்து நீர் திறக்கும்போது வெள்ளை வெள்ளையாக நுரை மிதந்து வருவதைச் செய்தியாகப் படிக்கிறோம். அதன் நாற்றத்தை மூக்கால் உணர்ந்தபடி அந்தக் கரையோரம் நான் ஓட்டியிருக்கிறேன். ஆற்றோரம் ஆள் நடமாட்டம் கூடினால் அந்தக் கழிவைப் பற்றிக் கேட்பவர்களும் கூடுவார்கள்.

எனவே மாவட்ட நிர்வாகங்கள் இரண்டும் சேர்ந்து, முதற்கட்டமாகக் கிருஷ்ணகிரி அணையிலிருந்து அனுமன்தீர்த்தம் வரையிலாவது, வழி பிரியும் இடங்களில் அடுத்த ஊரின் பெயரும் தூரமும் குடிநீர் கிடைக்கும் இடமும் எழுதிய சிறு பலகைகளை நட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கால்வாயில் நீர் நிறுத்தப்படும் மாதங்களில் கல்தூண் வேலையையும் முடித்துவிடலாம். எந்தெந்த முச்சந்தியில் பலகை வேண்டும் என்று என் நோட்டில் 31 இடங்களைக் குறித்து வைத்திருக்கிறேன். அலுவலர் யார் கேட்டாலும் நகல் எடுத்துக் கொடுக்கிறேன். நேரில் காட்ட வேண்டுமென்றாலும் வருகிறேன், அவர்களும் மிதிவண்டியில் வருவதாக இருந்தால்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.