சாவி யாரிடம்?

ஆசிரியருக்கு வணக்கம். இந்தியப் பெருங்கடலில் உள்ள சாகோஸ் தீவுகளை மொரீஷியஸிடம் ஒப்படைக்க 2025 மே 22-இல் பிரிட்டன் கையெழுத்திட்ட ஒப்பந்தம் பற்றிய தலையங்கம் படித்தேன். 1965-இல் அத்தீவுகளை மொரீஷியஸிலிருந்து பிரிட்டன் பிரித்தது சட்டப்படி செல்லாது என்பதைச் சர்வதேச நீதிமன்றம் 2019-லேயே தெளிவுபடுத்திவிட்டது. ஆகவே திருப்பித் தருவது நியாயம்தான். ஆனால், 1968 முதல் 1973 வரை வெளியேற்றப்பட்ட தீவுவாசிகளைப் பற்றித் தலையங்கத்தில் ஒரே வரிதான். அவர்கள் வளர்த்த நாய்களைக்கூட 1971-இல் வண்டிப் புகை செலுத்திக் கொன்றார்கள். இந்த ஒப்பந்தப்படியும், ராணுவத் தளத்துக்காக 99 ஆண்டுக் குத்தகைக்குப் போகும் பெரிய தீவான டியேகோ கார்சியாவில் அவர்கள் குடியேற வழியில்லை. ராணுவத் தளத்தில் வேலைக்கு வெளிநாட்டார் வரலாம், அந்த மண்ணில் பிறந்தவர் குடியேறக்கூடாதாம்!

1942-இல் ஜப்பான் படையெடுப்பின்போது எங்கள் ஐயா பர்மாவின் மோல்மேன் நகரில் இருந்த கடையைப் பூட்டிவிட்டுக் கால்நடையாகக் கிளம்பி வந்தவர். அந்தச் சாவிக்கொத்தை மஞ்சள் துணியில் முடிந்து, இரண்டாங்கட்டு அலமாரியில் அப்பத்தா கடைசிவரை வைத்திருந்தார். எண்ணெய் போட்டுத் துடைப்பதும் உண்டு. நாங்கள் வட்டித்தொழிலுக்குப் போனவர்கள், சாகோஸ் மக்களோ மண்ணின் பிள்ளைகள். இரண்டையும் ஒப்பிடுவது கொஞ்சம் அதிகம்தான். எங்களுக்குத் திரும்பி வர ஓர் ஊராவது இருந்தது. ஒப்பந்தப்படி பிரிட்டன் மொரீஷியஸுக்கு ஆண்டுதோறும் சராசரியாகத் தரவேண்டிய 10.1 கோடி பவுண்டில் ஒரு பங்கை, சாகோஸிலேயே உள்ள பெரோஸ் பன்யோஸ், சாலமன் தீவுத்திட்டுகளில் வீடு, குடிநீர், படகுத்துறை அமைக்க ஒதுக்குமாறு, மொரீஷியஸின் உரிமையை ஆதரித்துவந்த இந்தியா அந்நாட்டை வலியுறுத்த வேண்டும்.

- வாசகர், தேவகோட்டை