என் அம்மாவிடம் பேசுங்கள்

மதிப்பிற்குரிய மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்களுக்கும், மகளிர் நோய்ப் பிரிவின் மருத்துவர்கள், செவிலியர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

கடந்த மாதம் உங்கள் புறநோயாளிகள் பிரிவுக்குத் தனியாக வந்த ஒரு பெண்ணின் ஓ.பி. சீட்டில், ‘உறவினருடன் வரவும்’ என்று மட்டும் எழுதித் திருப்பி அனுப்பினீர்கள். அவர் என் அம்மா. பிறவியிலேயே காது கேளாதவர். அன்று நடந்தது பணியில் இருந்தவர்களுக்குத் தெரியும். நிலைய மருத்துவ அலுவலரிடமும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆகவே முழுக் கதையையும் இங்கே அவிழ்க்கப் போவதில்லை.

அம்மா வெறுங்கையோடு வரவில்லை. உதிரப்போக்கு எப்போதிலிருந்து அதிகம், எத்தனை நாள் நீடிக்கிறது, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று ஒரு தாளில் தன் கையாலேயே எழுதிக்கொண்டு வந்திருந்தார். நீங்கள் பெயரை வாயால் கூப்பிட்டீர்கள். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் உள்ளே போய்த் திரும்பினார்கள். கடைசியில் அவராகவே எழுந்து போய்த் தாளை மேசைமேல் வைத்தார். நான்காக மடித்த அந்தத் தாள், மடிப்புக் கலையாமல் வீட்டுக்குத் திரும்பி வந்தது.

சொன்னபடி அடுத்த முறை உறவினருடன் வந்தார். உறவினர் நான்தான். “இவருக்கு எத்தனை நாளாக இருக்கிறது?” என்று மருத்துவர் என்னைக் கேட்டார். நான் சைகையில் அம்மாவைக் கேட்டேன். அம்மா பதில் சொல்லிக்கொண்டிருந்த நேரமெல்லாம் மருத்துவரின் பார்வை என் முகத்தை விட்டு நகரவில்லை. பிறகு ஒரு கேள்வி வந்தது: தாம்பத்திய உறவின்போது வலி இருக்கிறதா?

அதைக் கேட்க வேண்டியது மருத்துவரின் கடமை, மறுக்கவில்லை. ஆனால் அதை என் அம்மாவிடம் நான் கேட்க வேண்டியிருந்தது. அதுவும் சைகையில், கதவு திறந்திருந்த அறையில், வாசலில் வரிசை நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது. அம்மா என்னைப் பார்க்காமல் மேசைமேல் இருந்த ரத்த அழுத்தக் கருவியைப் பார்த்தபடி, இல்லை என்று கையை அசைத்தார். உண்மையிலேயே இல்லையா, மகள் கேட்டதால் இல்லையா? எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. சீட்டில் மட்டும் ‘இல்லை’ என்று பதிவாகிவிட்டது. அந்த ஒரு கேள்வியைத் தாளில் எழுதி அம்மாவின் பக்கம் நகர்த்தியிருந்தால், அவரே எழுதிப் பதில் சொல்லியிருப்பார். அரை நிமிட வேலை.

கருப்பையில் நார்க்கட்டி, கருப்பையை எடுத்துவிடுவது நல்லது என்ற செய்தியும் என்னிடம்தான் சொல்லப்பட்டது. ஒப்புதல் படிவமும் என் பக்கமே நீட்டப்பட்டது. கருப்பை அவருடையது. படிக்கத் தெரிந்தவர், கையெழுத்துப் போடத் தெரிந்தவர், தன் பெயரில் வங்கிக் கணக்கு வைத்திருப்பவர். என் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான்: தயவுசெய்து அம்மாவிடம் பேசுங்கள்.

நீங்கள் கெட்ட மனத்தோடு இப்படி நடந்துகொண்டதாக நான் எண்ணவில்லை. காது கேளாதவரைக் கண்டதும் பலருக்கு ஒரு தடுமாற்றம் வருகிறது. தப்பாக எதையாவது செய்துவிடுவோமோ என்ற கூச்சம், வரிசை நீளுமே என்ற பதற்றம். சிலர் சத்தம் போட்டுப் பேசுகிறார்கள். சிலர் ‘ஐயோ பாவம்’ என்று தோளைத் தட்டுகிறார்கள். பெரும்பாலோர் பக்கத்தில் நிற்பவரிடம் திரும்பிக்கொள்கிறார்கள், ஏனென்றால் அதுதான் சுலபம். உங்கள் கூச்சம் எனக்குப் புரிகிறது. அதற்கான விலையை ஒவ்வொரு முறையும் அம்மாவே கொடுக்க வேண்டியிருப்பதுதான் புரியவில்லை.

அம்மா வீட்டிலேயே தையல் தொழில் செய்கிறார். எங்கள் தெருப் பெண்கள் பாதிப் பேருக்கு அவர்தான் ஜாக்கெட் தைக்கிறார். அவர்களில் ஒருவரும் சைகை மொழி படித்ததில்லை. முதுகில் கழுத்து எவ்வளவு இறங்க வேண்டும் என்பதை விரலை வைத்துக் காட்டுகிறார்கள். பழைய ஜாக்கெட்டைக் கொடுத்து, கைப்பக்கம் பிடிக்கிறது என்று கிள்ளிக் காட்டுகிறார்கள். கல்யாணம் என்றைக்கு என்பதைச் சுவரில் தொங்கும் நாள்காட்டியில் தொட்டுக் காட்டுகிறார்கள். கூலியில் பேரம்கூட நடக்கிறது, கடுமையாகவே நடக்கிறது. அவர்களுக்கும் முதல் நாள் தயக்கம் இருந்திருக்கும். ஜாக்கெட் வேண்டுமே, அதனால் பேசினார்கள். உங்கள் அறைச் சுவரிலும் ஒரு நாள்காட்டி தொங்குகிறது. மாதவிலக்கு எந்தத் தேதியில் வந்தது என்று கேட்க அதைவிட நல்ல கருவி வேறென்ன?

“உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார் அல்லவா?” என்று செவிலியர் ஒருவர் கேட்டார். ஓரளவுக்குத்தான். ‘ப’வும் ‘ம’வும் உதட்டில் ஒன்றுபோலத்தான் தெரியும். ‘க’ தொண்டையோடு நின்றுவிடும், உதட்டுக்கு வருவதே இல்லை. முகக்கவசம் போட்டுக்கொண்டால் அந்த ஓரளவும் போயிற்று. சத்தமாகப் பேசினால் வாய் கோணுகிறது, அவ்வளவுதான் பயன். எழுதிக் காட்டுவது நல்லது. ஆனால் பிறவியிலேயே கேளாத பலருக்கு எழுத்துத் தமிழ் இரண்டாம் மொழி, சைகை மொழிக்குத் தனி இலக்கணம் உண்டு. ஆகவே வாக்கியம் சின்னதாக இருக்கட்டும், படம் போடுங்கள், எண்ணை எழுதுங்கள். சொல்லி முடித்ததும் “புரிந்ததா?” என்று கேட்காதீர்கள். மரியாதைக்குத் தலையாட்டிவிடுவார். மாத்திரையை எப்போது சாப்பிடப் போகிறீர்கள் என்று கேளுங்கள். பதிலைப் பார்த்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

1880-இல் இத்தாலியின் மிலான் நகரில், காது கேளாதோர் கல்விக்கான பன்னாட்டு மாநாட்டில் கூடிய கல்வியாளர்கள், காது கேளாத பிள்ளைகளுக்கு வாய்ப்பேச்சே போதும், சைகை கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். நூறு ஆண்டு கழித்தும் அந்தத் தீர்மானத்தின் பிரம்பு என் அம்மாவின் விடுதிப் பள்ளிவரை நீண்டிருந்தது. வகுப்பில் கையை அசைத்தால் கைமேல் அடி. 2010-இல் கனடாவின் வான்கூவரில் கூடிய அதே மாநாடு அந்தத் தீர்மானத்துக்கு வருத்தம் தெரிவித்தது. அடி வாங்கிய அம்மாவின் கை வரை அந்த வருத்தம் வந்து சேர்ந்ததாகத் தெரியவில்லை.

வருத்தம் ஒருபக்கம் இருக்க, கொண்டாட்டத்துக்குக் குறைவில்லை. செப்டம்பர் 23 உலகச் சைகை மொழிகள் நாள் என்று உங்கள் வளாகத்தில் பதாகை கட்டியிருந்தீர்கள், பார்த்தேன், அழகாக இருந்தது. அதற்குப் பக்கத்திலேயே குறைதீர்ப்புப் பலகை இருக்கிறது. புகார் இருந்தால் இந்த எண்ணில் அழைக்கவும் என்று ஒரு தொலைபேசி எண் மட்டும் போட்டிருக்கிறது. காது கேளாதவர்களிடமிருந்து இதுவரை ஒரு புகாரும் வரவில்லை என்று ஆண்டறிக்கையில் நிம்மதியாக எழுதிக்கொள்ளலாம்.

மன்னிக்கவும். கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், தகவல் தொடர்பு என்பதற்குள் சைகை மொழியையும் சேர்த்திருக்கிறது. மற்றவர்களுக்கு உள்ள அதே சட்டத் தகுதி இவர்களுக்கும் உண்டு என்கிறது, சிகிச்சையில் முன்னுரிமை தரச் சொல்கிறது. 2023 செப்டம்பரில் காது கேளாத வழக்கறிஞர் சாரா சன்னி, சைகை மொழிபெயர்ப்பாளரின் துணையோடு காணொலி வழியே உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார். உச்ச நீதிமன்றத்துக்கு முடிந்தது, ஒரு கைபேசி இருந்தால் உங்கள் அறைக்கும் முடியும். தில்லியில் உள்ள இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2021-இல் 10,000 சொற்கள் கொண்ட அகராதியைக் காணொலிகளாக வெளியிட்டது. பத்தாயிரம் வேண்டாம். வலி, ரத்தம், எங்கே, எப்போது, எத்தனை நாள் என்று ஒரு பத்துச் சொற்களை உங்கள் ஊழியர்களுக்குக் கற்றுக்கொடுங்கள். காத்திருப்போர் பகுதியில் எண் காட்டும் பலகை ஒன்று வையுங்கள். ‘உறவினருடன் வரவும்’ என்று இனி யார் சீட்டிலும் எழுதாதீர்கள்.

அம்மாவுக்கு அடுத்த மாதம் அறுவைச் சிகிச்சை. ஒப்புதல் படிவத்தில் அவரே படித்துப் பார்த்துக் கையெழுத்திடுவார், அதற்கு நேரம் கொடுங்கள். அறுவை அரங்கிற்குள் உறவினருக்கு அனுமதி இல்லை என்பது உங்கள் விதி, சரியான விதி. அங்கே நான் இருக்க மாட்டேன், எல்லோர் முகத்திலும் கவசம் இருக்கும். ஆகவே மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர், கவசம் அணியும் முன்பே அம்மாவின் எதிரில் நின்று, என்ன செய்யப் போகிறோம் என்பதை எழுதியோ படம் காட்டியோ அம்மாவிடமே சொல்லிவிட வேண்டுகிறேன். அவர் கண் விழிக்கும்போது முகம் தெரிய ஒருவர் அருகில் இருக்கட்டும். குளுக்கோஸ் ஏற்றும் ஊசியை இடது கையில் போடுங்கள். அவர் பேசுவது பெரும்பாலும் வலது கையால்.

நன்றி.

இப்படிக்கு,
நோயாளியின் மகள்