டிஸ்சார்ஜ் செய்யக் கற்றுக்கொடுங்கள்: டிவி மெக்கானிக் பயிற்சி மையத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகி அவர்களுக்கும் பயிற்றுநர்களுக்கும்,

வணக்கம். போன மாதம் உங்கள் வகுப்பில் நடந்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டியூப் டிவியில் ஷாக் அடித்து, கை கிழிந்த பையனை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியதே நீங்கள்தான். அடுத்த வாரம் நோட்டீஸ் போர்டில் நீங்கள் ஒட்டிய தாளைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ‘மாணவரின் கவனக்குறைவால் விபத்து. பிளக்கைப் பிடுங்கிய பிறகே செட்டைத் திறக்கவும்’ என்று அதில் இருக்கிறது.

ஐயா, அவன் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் திறந்தான். கூட இருந்த பையன்கள் எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். நீங்கள் சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்தவனைக் கவனக்குறைவானவன் என்று ஊரறிய எழுதி ஒட்டுவது நியாயமா?

வந்த செட் மழை ஈரம் பட்ட செட். பின்பக்கம் உஸ்ஸென்று சத்தம். நம் ஊரில் ஐப்பசி, கார்த்திகை வந்தால் இந்தக் கம்ப்ளெயின்ட் இல்லாத கடை கிடையாது. பிக்சர் டியூபின் மேல் ஒட்டியிருக்கும் ரப்பர் கேப்பைத் தூக்கி, ஈரத்தையும் அழுக்கையும் துடைக்க வேண்டும். அதற்காகத்தான் அவன் விரலை அதன் அடியில் விட்டான். ஷாக் அடித்துக் கை உதறிய வேகத்தில் முழங்கை டியூபின் கழுத்தில் இடித்து, கழுத்து உடைந்து, கண்ணாடி மணிக்கட்டைக் கிழித்தது.

அந்த கேப்புக்குள் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். கலர் டியூப் ஓடும்போது அங்கே 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். டியூபின் கண்ணாடிக்கு உள்ளே ஒரு பூச்சு, வெளியே ஒரு கரிப்பூச்சு. அதனால் டியூபே சார்ஜைத் தேக்கிவைக்கும் ஒரு கண்டென்சர். செட்டை நிறுத்தினாலும் சார்ஜ் அதிலேயே நிற்கும். சில செட்டுகளில் அது தானாக இறங்கும், சிலவற்றில் நாள்கணக்கில் இறங்காது. ஒருமுறை இறக்கிவிட்டாலும் கொஞ்ச நேரத்தில் மிச்ச சார்ஜ் மறுபடி தலைதூக்கும். அந்த ஷாக் மட்டும் ஆளைக் கொல்வது அரிது. கை உதறுவதில்தான் ஆபத்து. அதைவிட மோசமானது பவர் சப்ளையின் பெரிய கண்டென்சர். 230 வோல்ட் கரண்ட் டி.சி. ஆகி சுமார் 325 வோல்ட் வரை அதில் நிற்கும். சப்ளை கெட்டுப்போன செட்டில் அது இறங்க வழியில்லாமல் போகலாம். ரிப்பேருக்கு வருவதோ கெட்டுப்போன செட்தான்.

இதற்கு உங்கள் பயிற்றுநர் பெற்றோரிடம் சொன்ன பதில், ‘எல்லா லைனிலும் இ.எல்.சி.பி. போட்டிருக்கிறோம்’ என்பது. இ.எல்.சி.பி. நல்ல பொருள்தான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் லைனை வெட்டுவதுதான் அதன் வேலை. பிளக்கைப் பிடுங்கிய செட்டில் அது எதை வெட்டும்? செட்டுக்குப் போகும் கரண்டை ஒரு பல்ப் வழியாக விட்டு மட்டுப்படுத்தும் சீரிஸ் பல்ப் போர்டும் இப்படித்தான். அது ஃபியூஸையும் டிரான்சிஸ்டரையும் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. அதற்கு, மெயின் லைனிலிருந்து செட்டைப் பிரித்துவைக்கும் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். உங்கள் மையத்தில் அது பயிற்றுநரின் டேபிளில் மட்டும் இருக்கிறது.

டேபிள் என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வர வேண்டும் என்பது உங்கள் விதி. தரை சுத்தமாக இருக்கட்டும் என்று வைத்திருப்பீர்கள். காலையில் ஈரத்துணியால் துடைத்த மொசைக் தரையில், சித்திரை வெயிலில் கையெல்லாம் வியர்த்துப்போய், வெறுங்காலோடு நின்று அந்தப் பிள்ளைகள் கரண்ட் இருக்கும் லைவ் சேஸியில் மீட்டர் வைத்துப் பார்க்கிறார்கள். ரப்பர் மேட்டும் பயிற்றுநரின் காலடியில் ஒன்றே ஒன்று. இருப்பதிலேயே அதிகம் தெரிந்தவருக்குப் பாதுகாப்பு, ஒன்றும் தெரியாத பிள்ளைகளுக்கு ஈரத்தரை. இதைப் பார்த்துவிட்டு வந்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

என் முக்கியமான கோரிக்கை ஒன்று. டிஸ்சார்ஜ் செய்ய, அதாவது தேங்கிய சார்ஜை இறக்க, தெரியாத எந்த மாணவனையும் திறந்த டியூப் டிவி முன்னால் உட்கார வைக்காதீர்கள். போர்டில் படம் வரைந்தால் போதாது, ஒவ்வொருவரும் தன் கையால் செய்து பார்க்க வேண்டும். நீளமான பிளாஸ்டிக் பிடி போட்ட சப்பை ஸ்க்ரூடிரைவர், இரண்டு முனையிலும் கிளிப் வைத்த ஒரு வயர். இவ்வளவுதான் சாமான். முதலில் ஒரு கிளிப்பை டியூபின் முதுகில் ஓடும் பின்னல் கம்பியில் மாட்ட வேண்டும். சர்க்யூட் போர்டில் கண்ட இடத்தில் மாட்டினால் ஐ.சி. சிப் போய்விடும். இன்னொரு கிளிப் ஸ்க்ரூடிரைவரின் கம்பியில். பிறகு ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மறுகையால் முனையை ரப்பருக்கு அடியில் மெதுவாக விட வேண்டும். டப்பென்று கேட்கும், சில சமயம் கேட்காது. இரண்டிலும் ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு முறை செய்ய வேண்டும். பெரிய கண்டென்சருக்கு ஹோல்டரில் மாட்டிய பழைய 60 வாட் குண்டு பல்ப் போதும். அதன் வயர் முனைகளில் மீட்டர் முள் மாதிரி பிடி வைத்து, அவற்றால் கண்டென்சரின் இரண்டு கால்களையும் தொட்டு இறக்கிவிட்டு, மீட்டரில் பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும். மோதிரம், ஸ்டீல் வாட்ச், கையில் காப்பு எதுவும் கூடாது.

இந்தச் சாமானெல்லாம் சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் ஒரே நடையில் வாங்கிவிடலாம். நீங்கள் ஒரு மாணவனிடம் வாங்கும் ஃபீஸில் வகுப்பு முழுவதற்கும் வரும்.

‘நாலு ஷாக் வாங்கினால்தான் மெக்கானிக்’ என்று இந்தத் தொழிலில் ஒரு பேச்சு ரொம்ப நாளாக இருக்கிறது. கடை முதலாளிகள் பெருமையாகச் சொல்வார்கள். உங்கள் வகுப்பிலும் அதைச் சொல்லியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது கோபம் வந்தது. சொல்லித்தரத் தெரியாததை மறைக்கிற பேச்சு அது. கொத்தனாரிடம் போய் நாலு தடவை சாரத்திலிருந்து விழுந்தால்தான் மேஸ்திரி என்று யாராவது சொல்வார்களா? இந்தப் பிள்ளைகள் பெரும்பாலும் வீட்டின் முதல் சம்பளத்துக்காக வந்தவர்கள். வலது கை போனால் அந்த வீட்டுக்கு என்ன மிச்சம்?

டியூப் டிவியெல்லாம் யார் பார்க்கிறார்கள், இன்னும் கொஞ்ச நாள்தானே என்று தள்ளிப்போடாதீர்கள். 2006-க்குப் பிறகு அரசு இலவசமாகக் கொடுத்த 14 இன்ச் கலர் டிவியே ஒன்றரைக் கோடிக்கு மேல். அதில் பல செட்டுகள் வடசென்னை வீடுகளில் இன்னும் ஓடுகின்றன. நின்றுபோனவை பழைய இரும்புக்கடைக்குப் போகின்றன. அங்கே டியூபின் கழுத்தைச் சுற்றியுள்ள யோக் காயிலில் இருக்கும் காப்பருக்காகச் சின்னப் பையன்கள் சுத்தியலால் டியூபைத் தட்டுகிறார்கள், ஈயம் கலந்த கண்ணாடி தெருவில் கிடக்கிறது. அது தனிக்கதை, கேட்க வேண்டிய இடம் வேறு.

உங்களிடம் கேட்பது இதுதான். டிஸ்சார்ஜ் செய்யத் தெரிந்த பிறகே திறந்த செட்டைக் கொடுங்கள். அதுவரை டியூப் செட் பிராக்டிகலை நிறுத்திவையுங்கள். பயிற்றுநர் இல்லாத நேரத்தில் அறையைப் பூட்டுங்கள், செருப்போடு உள்ளே விடுங்கள். தயவுசெய்து நோட்டீஸ் போர்டில் இருக்கும் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, அவன் அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசுங்கள்.

கற்றுத்தர ஆள் இல்லை என்றால் சொல்லி அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை கடை லீவு, நானே வருகிறேன். பணம் வேண்டாம். என் ஸ்க்ரூடிரைவரையும் வயரையும் எடுத்துக்கொண்டு வருவேன், ஒரு பழைய செட் மட்டும் தயாராக வைத்திருங்கள்.

இப்படிக்கு,
வியாசர்பாடியில் டிவி ரிப்பேர் கடை வைத்திருப்பவன்