சுற்றறிக்கைக்கு முன் ஒரு கதை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழையை முன்னிட்டுக் கடலோர ஊர்களில் நடைபெறும் பேரிடர் விழிப்புணர்வுக் கூட்டங்கள், சுற்றறிக்கை வாசிப்பதோடு முடிந்துவிடுகின்றன என்பதை ஆட்சியாளர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

2004 டிசம்பர் 26 அன்று ஏற்பட்ட நிலநடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகில் இருந்த மக்கள் வாழும் பகுதிகளில் ஒன்று, இந்தோனேசியாவின் சிமெலுவே தீவு. அதன் வடகரையை ஆழிப்பேரலை சில நிமிடங்களிலேயே எட்டிவிட்டது. ஆயினும், ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த அத்தீவில் உயிரிழந்தவர்கள் 7 பேர் மட்டுமே எனப் பதிவாகியுள்ளது. 1907-இல் அங்கு பெரும் உயிர்ச்சேதத்தை உண்டாக்கிய பேரலையை ‘ஸ்மோங்’ என்ற பெயரில் பாட்டிகள் கதையாகவும் தாலாட்டாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தார்கள். நிலம் பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால், எதையும் எடுக்காமல் மேட்டுக்கு ஓட வேண்டும் என்பதே அக்கதையின் சாரம். ஓடி ஏறுவதற்குக் குன்றுகள் பக்கத்திலேயே இருந்தன என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் ஓட வேண்டும் என்று எவருடைய உத்தரவுக்கும் காத்திராமல் அவர்களுக்குத் தோன்றியது அக்கதையால்தான். நம் கரைக்கு அலை வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கும் மேலானது. நம்மிடம் அன்று எச்சரிக்கை மையமும் இல்லை, கதையும் இல்லை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

இன்று ஐதராபாத்தில் எச்சரிக்கை மையம் இயங்குகிறது; கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியும் வருகிறது. ஆனால், ‘தரைக்காற்று மணிக்கு 65 முதல் 75 கிலோமீட்டர் வேகத்தில் வீசக்கூடும், தாழ்வான பகுதியில் வசிப்போர் எச்சரிக்கையாக இருக்கவும்’ என்று ஓர் அலுவலர் தலைநிமிராமல் படிக்கும்போது, அந்தத் தாழ்வான பகுதி தன் தெருதான் என்று கேட்பவருக்கு உறைப்பதில்லை. அதே கூட்டத்தில், கரையில் கிடந்த வலையை எடுக்கத் திரும்பி ஓடிய தம்பியைப் பற்றி ஒரு பெரியவர் பேசினால், யார், எந்த இடத்தில், எதைச் செய்ததால் போனார் என்பது சிறுவர்களுக்கும் பதிந்துவிடுகிறது. ஊரை வழிநடத்த வேண்டியவர்கள் இந்த வேறுபாட்டை உணர வேண்டும். 1854-இல் ஜப்பானின் ஹிரோ கிராமத்தில், இருட்டில் திசை தெரியாமல் தவித்தவர்களுக்கு மேட்டுக்கு வழிகாட்ட வைக்கோற்போர்களுக்குத் தீ வைத்த ஹமகுச்சி கோரியோவின் கதை அந்நாட்டுப் பள்ளிப் பாடமாகவே இருந்தது. உலக ஆழிப்பேரலை விழிப்புணர்வு நாளாக நவம்பர் 5 தேர்ந்தெடுக்கப்பட்டதும் அந்த நிகழ்வையொட்டித்தான்.

கதை என்றவுடன், கேட்பவரை அழவைத்தால் போதும் என்று எண்ணிவிடக் கூடாது. என்ன அறிகுறி, எந்த வழியாக, எங்கே போவது என்பவை இல்லாத கதை வெறும் பீதியாகி, வாட்ஸ்அப் வதந்தியோடு போய்ச் சேரும். ஆகவே அக்டோபர் 2 கிராம சபையில், 2004-ஐ நேரில் கண்ட ஒருவரை முதலில் பத்து நிமிடம் பேசவிட்டு, அவர் ஓடிய பாதையையே இன்றைய புயல் பாதுகாப்பு மையத்துக்கான பாதையோடு ஒப்பிட்டு விளக்கிய பிறகு சுற்றறிக்கையை வாசிக்குமாறு மாவட்ட ஆட்சியர்கள் அறிவுறுத்த வேண்டும். அந்தப் பேச்சுகளைப் பதிவுசெய்து, அந்தந்த ஊர்ப் பள்ளிகளுக்கு அளிக்கவும் வேண்டுகிறேன். நேரில் கண்டவர்களில் பலருக்கு இப்போதே எழுபது வயதைக் கடந்துவிட்டது.

இப்படிக்கு,
கடலோர வாசகர் ஒருவர்,
நாகப்பட்டினம் மாவட்டம்.