கொதிகலனுக்குள் புகுந்தவர்களிடமிருந்து தொடங்கி: ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். பல ஆண்டுகளாகக் கிளைப்பாதையின் முடிவில் துருவேறி நின்றிருந்த எங்கள் நீராவி இன்ஜின், ஆய்வாளரின் சான்றிதழைப் பெற்று, தன் சொந்த நீராவியில் மீண்டும் ஓடத் தொடங்கிவிட்டது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். பார்க்க வருபவர்கள் முதலில் புகழ்வது அதன் பச்சை வண்ணத்தையும் பித்தளையின் பளபளப்பையும்தான். அந்த வேலையைச் செய்த நண்பர்கள் எல்லாப் புகைப்படங்களிலும் ஏற்கெனவே இடம்பெற்றுவிட்டார்கள். அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்ற துணிவில், இம்மடலைக் கொதிகலனின் உட்புறத்திலிருந்து தொடங்குகிறோம்.

தண்ணீரிலுள்ள உப்புகள் கொதிகலனின் உட்சுவரில் ஓடுபோல் படிந்துவிட்டால், நெருப்பின் வெப்பம் தண்ணீரைச் சென்றடையாமல் தகட்டிலேயே தங்கி அதைப் பாழாக்கிவிடும். நெருப்பின் சூடான புகையைத் தண்ணீரினூடே கொண்டுசெல்லும் தீக்குழாய்களை உருவி எடுத்தபின், ஓர் ஆள் குப்புறப் படுத்தே நகரக்கூடிய அந்த இருட்டுக்குள் விளக்கும் சுரண்டியுமாகப் புகுந்து, அப்படிவைப் பெயர்த்தெடுத்த கல்லூரி மாணவ மாணவியருக்கு எங்கள் முதல் நன்றி. அவர்கள் வெளியே வரும்போது யார் எவர் என்றே அடையாளம் தெரியாது. மறு வாரமும் அவர்களேதான் வந்து நின்றார்கள்.

அடுத்த நன்றி, ஓய்வுபெற்ற எங்கள் பாய்லர் மேஸ்திரி ஐயாவுக்கு. நெருப்புப் பெட்டியின் சுவர்கள் இரட்டைத் தகடுகளால் ஆனவை. இடையில் நிற்கும் தண்ணீரின் அழுத்தத்தால் அவை பிதுங்கிவிடாதபடி நூற்றுக்கணக்கான ஸ்டே கம்பிகள் இரு தகடுகளையும் இழுத்துப் பிடித்திருக்கின்றன. ஐயா சிறு சுத்தியலால் அவற்றை ஒவ்வொன்றாகத் தட்டி, தலையைச் சற்றே சாய்த்துக் கேட்பார். நல்ல ஸ்டே கணீரென்று ஒலிக்கும். முறிந்தது மொத்தென்று அடங்கிவிடும். அவர் சாக்பீஸால் வட்டமிட்டவற்றைத் துளையிட்டு அகற்றியபோது, பெரும்பாலானவை தகட்டை ஒட்டிய இடத்திலேயே அறுந்திருந்தன. தகட்டின் கனத்தை மீயொலிக் கருவி கொண்டும் அளந்தோம். ஆனாலும் அந்தக் காதுக்கு இணையான கருவி எங்கள் கொட்டகையில் இல்லை. கேட்டுப் பழகும் பொறுமையை இளைஞர் இருவருக்கு அவர் கற்றுக்கொடுத்திருப்பது, எங்கள் கணக்கில் இன்ஜினைவிடப் பெரிய கொடை.

இன்ஜினைச் செய்த நிறுவனம் எப்போதோ மறைந்துவிட்டதால், உதிரிப்பாகம் என்று எதையும் வாங்க வழியில்லை. பழைய வரைபடங்களைத் தேடியெடுத்து, மங்கிய அளவுகளைப் படித்து, புதிதாக வரைந்து தந்த ஆவணக் குழுவினருக்கும், அவ்வரைபடங்களைக் கொண்டு உலோக வார்ப்புக்கான மர அச்சுகளைச் செதுக்கிய தச்சர்களுக்கும் கடமைப்பட்டுள்ளோம். உருக்கிய உலோகம் ஆறும்போது சுருங்கும் என்பதால் அச்சைச் சற்றுப் பெரிதாகவே செய்ய வேண்டும். அந்தக் கூடுதலை உலோகத்துக்கு உலோகம் மாற்றிக் கணக்கிட்டவர்கள் அவர்கள். மரைகள் அனைத்தும் 1841இல் ஜோசப் விட்வொர்த் வகுத்த அங்குல முறையில் அமைந்திருந்தமையால் இன்றைய ஸ்பேனர்கள் எதுவும் பொருந்தவில்லை. மறைந்த தம் தந்தையாரின் கருவிப்பெட்டியை அப்படியே எங்களிடம் ஒப்படைத்த குடும்பத்தார் அந்த முட்டுக்கட்டையை நீக்கினார்கள். பெட்டியின் மூடியில் உள்ள அவர் கையெழுத்தை நாங்கள் அழிக்கவில்லை.

சக்கரங்களுக்குப் புதிய டயர், அதாவது விளிம்பைச் சுற்றிப் பொருத்தும் எஃகு வளையம், ஏற்றித் தந்த பட்டறைத் தொழிலாளர்களுக்கும் நன்றி. டயரின் உள்விட்டத்தைச் சக்கரத்தைவிட ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு சிறிதாகக் கடைந்து, சூடேற்றி விரியச் செய்து மாட்டினால், ஆறும்போது அது தானே இறுகிப் பிடித்துக்கொள்கிறது. கூலி வாங்க மறுத்துவிட்டார்கள். உணவு இடைவேளையில் செய்ததாகச் சொன்னதை நாங்கள் நம்பவில்லை.

கொதிகலன் ஆய்வாளருக்கு நன்றி சொல்வது வழக்கமில்லை. ஆயினும் சொல்கிறோம். வேலை அழுத்தத்தின் ஒன்றரை மடங்கில் நீரழுத்தச் சோதனை நடந்தபோது, ஒரு குழாயின் முனையில் மட்டும் வியர்வைத் துளி அளவுக்கு ஈரம் கசிந்தது. ‘சூடானால் தானே அடைத்துக்கொள்ளும்’ என்று எங்களில் சிலர் முணுமுணுத்தோம். அவர் அழுத்தத்தை இறக்கச் சொல்லி, அம்முனையை மறுபடி விரித்து இறுக்கியபின் சோதனையை முதலிலிருந்து நடத்தினார். அந்தக் கண்டிப்பை நம்பித்தான் இன்று குழந்தைகளைப் பெட்டிகளில் ஏற்றுகிறோம்.

குளிர்ந்த கொதிகலனை அவசரமாகச் சூடாக்கினால் செம்பும் எஃகும் வெவ்வேறு அளவில் விரிந்து ஸ்டேக்களை முறித்துவிடும் என்பதால், ஓட்டத்துக்கு முந்தைய மாலையே சிறு நெருப்பு மூட்டி இரவெல்லாம் காத்திருக்கும் தோழர்களையும், ஒவ்வொரு போல்ட்டுக்கும் சீட்டுக் கட்டிப் பதிவேட்டில் ஏற்றியவர்களையும், வரவு செலவைப் பைசா பிசகாமல் எழுதிய பொருளாளரையும், விடுமுறை நாள்களை எங்களுக்கு விட்டுக்கொடுத்த இல்லத்தாரையும் இங்கே நன்றியுடன் குறிப்பிடுகிறோம். வேல்ஸிலுள்ள டாலிலின் ரயில்பாதையைத் தன்னார்வலர்கள் 1951இல் ஏற்று நடத்தத் தொடங்கியபோது அவர்களுக்கு முன்மாதிரி என்று எவரும் இல்லை. எங்களுக்கோ, எழுதிக் கேட்டால் பதில் தரும் மூத்த குழுக்கள் பல இருந்தன. அவர்களுக்கும் எங்கள் வணக்கம்.

நீங்கள் உருவாக்கித் தந்த வரைபடங்களையும் மர அச்சுகளையும் வரிசைப்படுத்தி உலர்ந்த அறையில் வைத்திருக்கிறோம். இதே வகை இன்ஜினைச் சீரமைக்க முனையும் எந்தக் குழுவும் அவற்றைக் கட்டணமின்றி இரவல் பெறலாம். முதல் தொகுதி ஏற்கெனவே ஒரு குழுவிடம் சென்றுவிட்டது.

இப்படிக்கு,
நன்றியுடன்,
சீரமைப்புக் குழுவினர் சார்பாகச் செயலாளர்